யார் பேசுகிறார் என்று காதுக்குத் தெரியவேண்டும்: பழைய அரசியல் மொழிபெயர்ப்புகளை ஒலிநூலாக்க ஒரு வழிகாட்டி

மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையின் இரண்டாம் பகுதியில், எதிராளிகளின் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பதில் சொல்லிக்கொண்டே போவார்கள். அதில் ஒன்றைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: தனிச்சொத்தை ஒழித்துவிட்டால் ஒருவரும் வேலை செய்யமாட்டார்கள், ஊரே சோம்பிக் கிடக்கும் என்று சொல்கிறார்கள். புத்தகத்தில் படித்தால் இதில் சிக்கலே இல்லை. கண் வாக்கியத்தின் கடைசிக்கு முன்கூட்டியே ஓடிவிடும். காது அப்படி ஓட முடியாது. ‘என்று சொல்கிறார்கள்’ வந்து சேரும்வரை, கேட்பவர் அதை மார்க்ஸும் எங்கெல்ஸும் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் யார் சொல்கிறார்கள் என்பது பெரும்பாலும் முதலிலேயே வந்துவிடும். நம் மொழியில் அது கடைசியில்தான் வரும்.

ஒரு நாள் இந்தப் பகுதியை ஏஐ குரலில் ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, “ஏன்டா, ஏழைகளுக்காக எழுதினவர்னு சொன்ன, இப்படித் திட்டுறாரே?” என்று கேட்டார். உச்சரிப்பு சுத்தமாகத்தான் இருந்தது, ஒரு சொல்கூடத் தப்பில்லை. எதிராளியின் வாதமும் அதற்கான பதிலும் ஒரே தொனியில் வந்ததால் அம்மாவின் காதில் விழுந்தது நேர்மாறான புத்தகம்.

பழைய அரசியல் நூல்களை முதன்முதலாக ஒலிநூலாக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏஐ குரலா, மனிதக் குரலா என்று கேட்டால், செலவையும் நேரத்தையும் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பது இதைத்தான்: யார் பேசுகிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பது கேட்பவருக்குப் புரிகிறதா?

முதல் வேலை: உரிமை யாரிடம் இருக்கிறது?

மூல ஆசிரியர் இறந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். மொழிபெயர்ப்பு தனிப் படைப்பு. அதற்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி, எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் கணக்கு. அம்பேத்கர் 1956 டிசம்பரில் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளிவந்த எழுத்தை 2017 ஜனவரி 1 முதல் யாரும் பயன்படுத்தலாம். ஆனால் அதைச் சில வருடங்களுக்கு முன் தமிழாக்கம் செய்தவரின் உழைப்பு அவருடையதுதான். மாஸ்கோவிலிருந்து வந்த முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களும் இப்படித்தான். இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக எடுத்துவிடக் கூடாது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் கணக்கு 70 ஆண்டுகள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உயிரோடு இருக்கும் மொழிபெயர்ப்பாளரிடம் அனுமதி கேட்கும்போது, ஒலிவடிவம் என்று ஒரு வரியும், செயற்கைக் குரலில் வாசிக்கலாமா என்று இன்னொரு வரியும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். முதலாவதற்குச் சரி என்பவர் இரண்டாவதற்கு மறுக்கலாம். அது அவர் உரிமை.

இந்தக் கட்டுரைக்கு உதாரணமாக, உரிமைச் சிக்கல் இல்லாத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பகத்சிங் 1930 அக்டோபரில் லாகூர் மத்தியச் சிறையில் இருந்தபடி, தான் ஏன் நாத்திகன் என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் தூக்கிலிடப்பட்ட பிறகு, 1931 செப்டம்பரில் அது லாகூரில் அச்சில் வந்தது. 1930களிலேயே ப. ஜீவானந்தம் அதைத் தமிழாக்கினார். ஜீவா மறைந்தது 1963 ஜனவரியில். ஆக 2024 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அந்தத் தமிழாக்கத்துக்கும் தடை இல்லை. சிறு நூல் என்பதால் முதல் முயற்சிக்கு ஏற்றது.

அடுத்து: வாசிப்புப் பிரதி

பழைய அச்சைப் படமெடுத்து ஓசிஆரில் (படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் மென்பொருளில்) கொடுத்து, வந்ததை அப்படியே வாசிக்க உட்காராதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் லை, ளை, னை, ணை எல்லாம் தும்பிக்கை தூக்கியதுபோல் இருக்கும். றா, னா, ணா ஒட்டி எழுதப்பட்டிருக்கும். மென்பொருள் அங்கே தடுமாறும். குடிஅரசு இதழ் மட்டும் 1935லிருந்தே சீர்திருத்த எழுத்தில் வந்ததால், அந்த அச்சகத்துப் பிரதி கிடைத்தால் வேலை கொஞ்சம் குறையும். துணைக்காலையும் ‘ர’வையும் ஓசிஆர் மாற்றிப் போடுவது எந்தக் காலத்து அச்சிலும் நடக்கும். அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட வேறு வழியில்லை.

எதைத் திருத்தலாம், எதைத் தொடக் கூடாது? ஒலி மாறாத எழுத்து வித்தியாசங்களைச் சரிசெய்யலாம். சொல்லை மாற்றக் கூடாது. அந்தக் காலத்தில் சோசலிசத்துக்குச் சமதர்மம் என்றார்கள், அபேதவாதம் என்றார்கள். ரஷ்யா ருஷியாவாக இருந்தது. ‘கேட்பவர்களுக்குப் புரியாதே’ என்று அவற்றை இன்றைய சொல்லாக மாற்றினால், ஒரு தலைமுறை அந்தக் கருத்தைத் தமிழில் எப்படித் தேடிப் பிடித்தது என்ற தடயமே போய்விடும். தேவைப்பட்டால் அத்தியாயத் தொடக்கத்தில் ஒரு வரி விளக்கம் சொல்லிவிடுங்கள்.

அடிக்குறிப்புகளை என்ன செய்வது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி வாசித்தால் வாதம் அறுந்துபோகும். நான் பத்தி முடிந்த பிறகு, ‘குறிப்பு’ என்று சொல்லிவிட்டு வாசிக்கிறேன். நூல் விவரம் மட்டும் உள்ள குறிப்புகளை அத்தியாயத்தின் கடைசிக்குத் தள்ளிவிடுகிறேன்.

மூன்று பென்சில்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பிரதியை அச்செடுத்து, மூன்று நிறப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் தன் குரலில் பேசும் இடம் நீலம். எதிராளியின் வாதத்தை அவர் எடுத்துச் சொல்லும் இடம் சிவப்பு. தீர்மானம், சட்டப் பிரிவு, கடிதம், பிறர் எழுதியதன் மேற்கோள் எல்லாம் பச்சை.

பகத்சிங் கட்டுரையில் முதல் பக்கத்திலேயே சிவப்பு வந்துவிடும். அகம்பாவத்தால்தான் இவன் கடவுளை மறுக்கிறான் என்று நண்பர்கள் சிலர் நினைக்கிறார்கள் என்ற பேச்சிலிருந்துதான் அவர் தொடங்குகிறார். அந்தக் குறையை முழுமையாக, நியாயமாக எடுத்துவைத்த பிறகுதான் பதிலுக்குப் போகிறார். சிவப்புக் கோடு தொடங்கும் முதல் சொல்லிலேயே குரலில் ஒரு சிறு மாற்றம் வரவேண்டும். கேலியாக இழுக்கவோ மூக்கால் பேசவோ வேண்டாம். பகத்சிங் அந்த நண்பர்களைக் கேலி செய்யவில்லை. வாசிப்பவர் செய்தால் அது பொய். அரை நொடி இடைவெளி, சற்றுத் தணிந்த குரல், கொஞ்சம் நிதானம், அவ்வளவு போதும். ‘என்று’ வரும்போது காது ஏற்கெனவே தயாராக இருக்கும்.

கட்டுரையின் பிற்பகுதியில் அவர் நம்பிக்கையாளர்களைப் பார்த்துக் கேள்விமேல் கேள்வியாக அடுக்குவார். தமிழில் இந்த மாதிரிக் கேள்விகள் ‘ஆ’வில் முடியும்: முடியாதா, தெரியாதா, கூடாதா. பதில் எதிர்பார்க்கும் கேள்வியில் அந்த ‘ஆ’ மேலே ஏறும். பதில் தெரிந்தே கேட்கும் கேள்வியில் அது கீழே இறங்கும். “சாப்பிட வரியா?” என்பதையும் “இதுகூடத் தெரியாதா?” என்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நான் கேட்ட ஏஐ குரல்கள் கேள்விக்குறியைக் கண்டதும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஏற்றிவிடுகின்றன. பத்துக் கேள்வி அடுத்தடுத்து வந்தால், கோபமும் வேதனையுமாக எழுதப்பட்ட பக்கம் பரீட்சை வினாத்தாள் மாதிரி ஒலிக்கிறது.

இப்போது முடிவு செய்யுங்கள்

நிறம் தீட்டிய பிரதியைத் தள்ளி வைத்துப் பாருங்கள். சிவப்பு நிறைய இருந்தால் மனிதர்தான் வாசிக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அம்பேத்கரின் சாதி ஒழிப்பு உரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, அழைத்தவர்களே பின்வாங்கியதால் மேடையேறாமல் போன உரை அது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று அதில் ஓர் இடம் வரும். தமிழில் ‘வேலையை’, ‘வேலை செய்பவர்களை’ என்ற இரண்டுக்கும் நடுவில் அழுத்தம் சரியாக விழுந்தால்தான் அந்த வாதம் கேட்பவர் நெஞ்சில் இறங்கும். எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கொடுத்தால் இடறாமல் கடந்து போய்விடும். கேட்பதற்கென்றே எழுதப்பட்டு, கேட்கப்படாமல் போன ஓர் உரைக்குக் குரல் கொடுக்கும்போது அதற்கு ஒரு மனிதரின் மூச்சு கிடைக்கட்டும் என்றே நினைக்கிறேன்.

பச்சை நிறைய இருந்தால் கதை வேறு. அரசியலமைப்பு வரைவுகள், ஆணையங்களின் அறிக்கைகள், மாநாட்டுத் தீர்மானங்கள், பின்னிணைப்புகள் இவற்றுக்கு ஏஐ குரல் நன்றாகவே பயன்படும். 300 பக்கத் தீர்மானத் தொகுப்பை வாசிக்க ஒரு தன்னார்வலர் ஆறு மாதம் உட்காரவேண்டும்; பாதியில் நின்றுபோவதுதான் வழக்கமாக நடக்கிறது.

இன்னொன்றையும் நான் மனதார ஏற்கிறேன். பார்வையற்ற நண்பர் ஒருவர் திரைவாசிப்பானை, நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் ஓட்டிக் கேட்பார். ‘எனக்குப் புத்தகம் இன்றைக்கு வேண்டும். அழகான குரலுக்காக மூன்று வருடம் காத்திருக்க முடியாது’ என்று அவர் சொன்னது சரிதான். பார்வையற்றோருக்கு நூல்களைக் கிடைக்கச் செய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவத்தில் நூல்களைத் தர நம் பதிப்புரிமைச் சட்டத்திலேயே 2012 திருத்தம் வழிசெய்கிறது. ஆக மனிதக் குரல் பதிவு தயாராகும்வரை, சுத்தமாகத் திருத்திய எழுத்துப் பிரதியையாவது இவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லையா? சிவப்பு, நீலம் இரண்டும் கலந்த ஒரு பக்கத்தை எடுங்கள். நீங்கள் ஒருமுறை வாசியுங்கள், ஏஐ ஒருமுறை வாசிக்கட்டும். புத்தகத்தைப் படிக்காத இரண்டு பேரிடம் கொடுத்து, ‘இதை எழுதியவர் என்ன நினைக்கிறார்?’ என்று மட்டும் கேளுங்கள். குரல் பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

ஏஐ குரல் என்று முடிவானால்

தமிழ்க் குரல்கள் இப்போது பல இடத்தில் கிடைக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் அஸ்யூரில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்றும், இலங்கைத் தமிழுக்குச் சரண்யா, குமார் என்றும் தனித்தனிக் குரல்கள் இருக்கின்றன. மலேசியா, சிங்கப்பூருக்கும் உண்டு. சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் குழு திறந்த மூலமாகவே தமிழ்க் குரல் மாதிரிகளை வெளியிட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பு எந்த ஊர்த் தமிழில் இருக்கிறதோ அந்த ஊர்க் குரலைத் தேர்ந்தெடுங்கள்.

பெரிய தொல்லை அயல்பெயர்கள். தமிழ் எழுத்தில் ப-வும் ட-வும் க-வும் இரண்டு ஒலிக்கும் ஒன்றேதான். மனிதருக்குத் தெரியும், ‘பாரிஸ் கம்யூன்’ என்பதில் உள்ள பா வேறு, ‘பாரிஸ்டர்’ என்பதில் உள்ள பா வேறு என்று. இயந்திரம் ஊகிக்கும். டிராட்ஸ்கியில் வல்லின ட, டார்வினில் மெல்லோசை ட. காக்கோரி வழக்கில் உள்ள கா-வையும் காந்தியில் உள்ள கா-வையும் பாருங்கள். பகத்சிங் கட்டுரையிலேயே பகூனின், மார்க்ஸ், லெனின், டிராட்ஸ்கி, டார்வின் என்று ஒரு வரிசை வரும். முதலில் நூலில் உள்ள எல்லாப் பெயர்களையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டிக் கேளுங்கள். தப்பினால் அந்தச் சேவை தரும் உச்சரிப்பு அகராதியில் சரியான ஒலியைப் பதியுங்கள். அது இல்லாவிட்டால், அந்த ஒரு சொல்லை மட்டும் வேறு மாதிரி எழுதிப் பார்த்துச் சரியாக ஒலிக்கும் வடிவத்தை வாசிப்புப் பிரதியில் போட்டுவிடுங்கள்.

எண்களையும் முன்னெழுத்துகளையும் கையால் விரித்து எழுதிவிடுவதே நல்லது. 1848 என்பதை ‘ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு’ என்று எழுதுங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ராஜத்துரோகப் பிரிவாக இருந்த 124ஏ-யை எழுத்தில் விரியுங்கள். ‘ஈ.வெ.ரா.’, ‘வ.உ.சி.’ போன்றவற்றில் வரும் புள்ளியை வாக்கிய முடிவு என்று நினைத்து இயந்திரம் நிற்கும். புள்ளியை எடுத்துவிட்டு ‘ஈவெரா’, ‘வவுசி’ என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள். கி.பி., ரூ., பக். எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்.

சிவப்புக் கோட்டு இடங்களில் என்ன செய்யலாம்? எங்கே நிறுத்துவது, எந்த வேகத்தில் வாசிப்பது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் எஸ்எஸ்எம்எல் குறிகளை ஏற்கும் சேவையாக இருந்தால், அந்த வாக்கியத்துக்கு முன் சிறு இடைவெளியும், வாக்கியத்துக்குச் சற்றுக் குறைந்த வேகமும் கொடுக்கலாம். பச்சை இடங்களுக்கு வேறொரு குரலையே வைக்கலாம். அது நன்றாக எடுபடுகிறது. எதிராளிக்குத் தனிக் குரல் வைக்காதீர்கள். கட்டுரை வானொலி நாடகமாகிவிடும். யாரை வில்லனாக்குவது என்று நீங்கள் தீர்ப்பு எழுதியதுபோலவும் ஆகும்.

இறந்துபோன தலைவரின் குரலையே ஏஐயில் உருவாக்கி வாசிக்க வைக்கும் யோசனை பலருக்கு வருகிறது. வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மறைந்த இரண்டு பாடகர்களின் குரலை ஏ.ஆர். ரஹ்மான் 2024இல் ஒரு பாடலில் இப்படிப் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரின் அனுமதி பெற்று அதை வெளிப்படையாகச் சொன்னார். அரசியல் நூலில் சிக்கல் இன்னும் ஆழமானது. மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல்லைத் தலைவரே தமிழில் பேசியதாகக் கேட்பவர் நம்பிவிடுவார். அம்பேத்கர் பேசாத ஒரு வாக்கியம் அவர் குரலில் உலாவ ஆரம்பித்தால் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

நீங்களே வாசிப்பதானால்

பெரிய ஸ்டுடியோ வேண்டியதில்லை. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு முன் உட்கார்ந்து வாசித்தாலே எதிரொலி பெருமளவு அடங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கமே வேண்டாம். காக்கைகளும் பால்காரரும் வருவதற்கு முன், விடியற்காலை நாலரை, ஐந்து மணி எனக்குப் பிடித்த நேரம்.

மேடைக் குரலை வெளியே வைத்துவிட்டு உட்காருங்கள். நம் ஊரில் அரசியல் என்றாலே ஒலிபெருக்கிப் பேச்சு காதில் ஊறிப்போயிருக்கிறது. கை தானாக ஓங்கும், வாக்கியக் கடைசி தானாக ஏறும். பகத்சிங் அந்தக் கட்டுரையை எழுதும்போது அவருக்கு வயது 23. எதிரில் கூட்டம் இல்லை, சிறைச் சுவர்தான் இருந்தது. காதில் மாட்டிக்கொண்டு பேருந்தில் போகிற ஒருவருக்கு மட்டும் சொல்வதாக நினைத்து வாசியுங்கள்.

வாசிப்பதற்கு முன் அத்தியாயத்தை இரண்டு தடவையாவது வாய்விட்டுப் படியுங்கள். மொழிபெயர்ப்பில் நீள வாக்கியங்கள் வரும். எச்சம்மேல் எச்சமாகத் தொங்கி வினைமுற்று ஏழாவது வரியில் கிடைக்கும். எங்கே மூச்சு வாங்குவது என்று முதலிலேயே கோடு போட்டுவிடுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், தவறினால் பதிவை நிறுத்தி, தவறுக்குச் சற்று முன்னால் சொடுக்கி, ஷிஃப்டும் டி-யும் அழுத்தினால் சில நொடி பின்னால் போய், நீங்கள் வாசித்ததையே ஒலிக்கவிட்டு, சொடுக்கிய இடத்திலிருந்து மேலே பதியும். இந்த ஒரு வசதி எனக்கு மிச்சப்படுத்திய மணிகள் ஏராளம். ஒரு மணி நேர ஒலிக்கு, பதிவும் திருத்தமும் சேர்ந்து எனக்கு ஆரம்பத்தில் ஆறு மணி நேரம் பிடித்தது.

ல, ள, ழ பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒற்றுகளைக் கவனியுங்கள். ‘கட்சிக் கொள்கை’ என்பதில் உள்ள க்-கை விழுங்கினால் இரண்டு சொல்லும் ஒட்டாமல் போகும்.

கடைசிக் கட்டம்

எந்தக் குரலானாலும், அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவர் முழுவதையும் கேட்கவேண்டும். ஏஐ குரல் என்றால் இது இரட்டிப்பு அவசியம். மனிதர் தவறும்போது தயங்குவார், நமக்குத் தெரிந்துவிடும். இயந்திரம் தவறையும் அதே நம்பிக்கையோடு வாசிக்கும். ‘இல்லை’ என்ற சொல் விட்டுப்போன வாக்கியம் எவ்வளவு சரளமாக ஒலிக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒலி அளவுக்கு, வணிக ஒலிநூல் தளமான ஏசிஎக்ஸ் கேட்கும் கணக்கை வைத்துக்கொள்ளலாம்: சராசரி அளவு -23க்கும் -18க்கும் இடையில், உச்சம் -3க்குக் கீழே, பின்னணி இரைச்சல் -60 டெசிபலுக்குக் கீழே. 44.1 கிலோஹெர்ட்ஸ் எம்பி3. அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு.

எங்கே வெளியிடுவது? ஆர்க்கைவ் (archive.org) தளத்தில் யாரும் ஏற்றலாம். 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளம் தன்னார்வலர்களின் மனிதக் குரலை மட்டுமே எடுத்துக்கொள்ளும், ஏஐ பதிவை ஏற்காது. அவர்கள் அமெரிக்கச் சட்டத்தைப் பார்ப்பதால், வெளியாகி 95 ஆண்டு ஆகாத நூல்களில் சிக்கல் வரும். 1930களின் நடுவில் வந்த தமிழாக்கங்கள் அங்கே போக இன்னும் சில வருடம் பொறுக்கவேண்டும்.

கடைசியாகப் பதியவேண்டியது தொடக்க அறிவிப்பு. மூல ஆசிரியர், மூல மொழி, எழுதிய ஆண்டு, மொழிபெயர்ப்பாளர், எந்த ஆண்டுப் பதிப்பு, வாசித்தது யார். ஏஐ என்றால் முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். விளக்கக் குறிப்பில் மட்டும் எழுதிவைத்தால் கேட்பவர் காதுக்கு அது போய்ச் சேராது. மொழிபெயர்ப்பாளர் பெயரை ஆசிரியர் பெயருக்குக் கொடுக்கும் அதே நிதானத்தோடு சொல்லுங்கள். பகத்சிங்கின் அந்தச் சிறு நூலைத் தமிழாக்கியதற்காக ஜீவாவைப் பிரிட்டிஷ் அரசு கைது செய்தது. என் பதிவின் தொடக்கம் இப்படி இருக்கும்: “பகத்சிங், லாகூர் சிறையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில்: ப. ஜீவானந்தம்.” பிறகு இரண்டு நொடி நிறுத்திவிட்டு, வாசித்தவர் பெயர்.